வண்டலை அளப்பவர்கள்

மட்டாஞ்சேரி கால்வாயில் ஆழம் பார்க்கும் படகு கிளம்பியதும் முதல் வேலை, ஒலியால் ஆழம் அளக்கும் கருவியைச் சோதிப்பது. எக்கோ சவுண்டரின் ஒலி புறப்படும் இடத்துக்கு நேர்கீழே ஓர் இரும்புத் தட்டைச் சங்கிலியில் இறக்குகிறார்கள். இரண்டு மீட்டர், நான்கு, ஆறு. தட்டு நிற்கும் ஆழமே திரையிலும் வர வேண்டும். உப்பும் வெப்பமும் மாறினால் தண்ணீரில் ஒலியின் வேகமும் மாறிவிடும். "சேட்டா, ஆறில் நாலு சென்டிமீட்டர் கூடுது" என்கிறான் இளைஞன். சங்கிலியைப் பிடித்திருக்கும் பெரியவர் தலையசைக்கிறார். வேகத்தைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து.

குடிநீர் அணைகளில் வண்டல் சேர்வதைக் கணிக்கும் மாதிரிகளைப் பற்றி எழுதத்தான் கொச்சிக்கு வந்தேன். மரடு நிலையம் வழியாக மேற்குக் கொச்சிக்கு வரும் குடிநீர், பாழூரில் மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மூலமட்டத்தில் மின்சாரம் தந்துவிட்டு வெளியேறும் இடுக்கித் தண்ணீரும் அந்த ஆற்றில்தான் சேர்கிறது. மலை மண்ணில் அணைகள் பிடித்து வைத்ததுபோக மீதி காயலுக்கு வருகிறது. அணையில் அளப்பதும் இங்கே அளப்பதும் ஒரே தொழில்தான்.

கொச்சியின் வரலாறே சேற்றோடுதான். 1920-இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதே எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு. தூர்வாரல் இன்றும் ஓயவில்லை. ஆற்றுக் களிமண் உப்புநீரைத் தொட்டதும் துகளோடு துகள் ஒட்டிக் கனத்து இறங்குகிறது.

அப்படி இறங்கியது உடனே இறுகுவதில்லை. திரையில் இரண்டு கோடுகள் ஓடுகின்றன. 210 கிலோஹெர்ட்ஸ் ஒலி, கூழாக மிதக்கும் சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. 33 கிலோஹெர்ட்ஸ் ஒலி அதைத் துளைத்துக் கெட்டித் தரைவரை போகிறது. எந்தக் கோடு அடித்தளம்? பெரியவர் கழியை இறக்கிப் பார்க்கிறார். மேலே ஏறிவந்த முனையில் சாம்பல் நிறச் சேறு. விரலில் தேய்த்து, "இது நேற்று வந்தது" என்கிறார்.

கணினி மாதிரிகள் தடுமாறுவதும் இங்கேதான். ஓர் அணை எவ்வளவு மண்ணைப் பிடித்து வைக்கும் என்பதை, அதன் கொள்ளளவுக்கும் ஆண்டு நீர்வரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு கணிக்கும் வழியை 1953-இல் ஆய்வாளர் புரூன் தந்தார். இன்றும் அதுதான் தொடக்கப் புள்ளி. ஆனால் மண்ணின் எடை தெரிந்தால் போதாது, அது அடைக்கும் இடமும் தெரிய வேண்டும். புதிதாய்ப் படிந்த களிமண் அதிக இடத்தை அடைக்கும், ஆண்டுகள் போகப் போக அமுங்கும். ஒரே எடை, வேறு கொள்ளளவு.

ஒரு தவறான நம்பிக்கை, வண்டலெல்லாம் அணையின் அடியில், பயன்படாத நீர் நிற்கும் பகுதியில்தான் போய்ச் சேரும் என்பது. மணலும் பருக்கையும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆறு அணைக்குள் நுழைந்து வேகம் தளரும் இடத்திலேயே திட்டாகப் படிந்து, நாம் குடிக்கும் நீருக்கான இடத்தைத் தின்னத் தொடங்குகின்றன. கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூரிலும், மதுரைக்குத் தரும் வைகையிலும் வண்டல் பல ஆண்டுகளாகப் பேசப்படும் பிரச்சினை. திருவனந்தபுரத்தின் அருவிக்கரையும் அப்படியே. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம்போல ஒரே மழைக்காலம் பல ஆண்டு மண்ணைக் கொண்டுவந்துவிடும். சராசரியை நம்பும் மாதிரி அதைத் தவறவிடும்.

பீச்சியில் உள்ள கேரளப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் அணைகளில் வண்டல் ஆய்வு நடத்துகிறது. அங்கேயும் படகு, கழி, திரை, வெயிலில் நாள் முழுக்கக் கோடு கோடாக ஓடும் ஆட்கள். அவர்கள் கொண்டுவரும் எண் இல்லாவிட்டால் எந்த மாதிரியும் ஊகம்தான்.

அணையின் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது. வண்டல் போக அந்த மட்டத்தில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. பெரிய வெள்ளம் வடிந்த ஒவ்வொரு முறையும் குடிநீர் அணைகளை மறுபடி அளந்து, புதிய கொள்ளளவை அரசுகள் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.