பர்மிட் போட்டாச்சா?

செப்டம்பர்ல அப்பாவும் அம்மாவும் மியூனிக் வர்றாங்க. ரெண்டு பேருக்கும் முதல் பாஸ்போர்ட், முதல் விமானம். மூணு வாரம் இருப்பாங்க. ரெண்டு ஏரி, ஒரு கோட்டையைப் பாத்துட்டு மிச்ச நாள் வீட்ல இருந்தாப் போதும்ங்கறது அம்மா கட்சி. அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு தான். "ஏல, பார்டர் தாண்டி கார்ல போலாமா?"

அப்பா தென்காசியில வேன் ஓட்டினவர். கார்த்திகை பொறந்தா ரெண்டு மாசம் வீட்ல இருக்க மாட்டார். சாமிங்களை ஏத்திக்கிட்டு புளியரை செக்போஸ்ட், ஆரியங்காவு, அப்புறம் பம்பை. கேரளாவுக்கு பர்மிட் போட்டு, டாக்ஸ் கட்டி, பேப்பரையெல்லாம் ஒரு ரெக்ஸின் பையில வெச்சு சீட்டுக்கு அடியில சொருகி இருப்பார். 2019ல வேனை வித்தார். பையை விக்கல.

ஸோ, மலையில கிளம்பி கடல்ல போய் நிக்கிற மாதிரி ஒரு ரூட் போட்டேன். மியூனிக், ஆஸ்திரியா வழியா ஸ்லோவேனியா, அங்கேர்ந்து குரோஷியாவில ஸ்ப்ளிட், கடைசியா டுப்ரோவ்னிக். நாலு நாடு, ஒரு பக்கம் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. போக நாலு நாள், வர நாலு நாள், நடுவுல கடற்கரையில ரெண்டு நாள். பொட்டி தட்டுறவன் பிளான் போட்டா எப்படி இருக்கும்? எக்ஸல் ஷீட்ல எட்டு டேப் :-)

சொந்தக் கார் கிடையாது. வாடகைக் கார் தான். இணையத்துல விலை பாக்கறது அஞ்சு நிமிஷ வேலை, அக்ரிமென்ட் படிக்கறது தான் மூணு நாள் வேலை. எந்தெந்த நாட்டுக்கு வண்டியைக் கொண்டு போகலாம், எந்த மாடலைக் கொண்டு போகக் கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கும். பெரிய பிராண்ட் சொகுசு வண்டியா இருந்தா, கிழக்குப் பக்கம் சில நாடுகளுக்கு அனுமதியே இல்லைன்னு சில கம்பெனிங்க போட்டிருக்கு. அனுமதி இருந்தாலும் முன்கூட்டியே சொல்லணும், சில இடத்துல அதுக்குத் தனியா காசு. சொல்லாம போய் வண்டி எங்கயாவது உரசிச்சுன்னா இன்ஷூரன்ஸ் கை விரிச்சிடும். ஒரு ஊர்ல எடுத்து வேற நாட்டுல விடுறதுக்குக் கேக்குற காசைப் பாத்தா வண்டியையே வாங்கிடலாம் போல. அதனால மியூனிக்ல எடுத்து மியூனிக்லயே விடுறது. டெபாசிட்டுக்கு ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்ட் வேணும்னு வேற ஒரு வரி.

இதையெல்லாம் வீடியோ கால்ல சொன்னேன். அப்பா பொறுமையா கேட்டுட்டு, "இதத்தான பர்மிட்டுங்கறது" ன்னார். ஆமாப்பா, அதே தான்.

அடுத்தது டாக்ஸ். ஜெர்மனியில காருக்கு டோல் இல்லை. ஆஸ்திரியாவில மோட்டர்வேயில ஏற 'விக்னெட்' வேணும். முன்னாடி கண்ணாடியில ஸ்டிக்கரா ஒட்டுறது, இப்ப நம்பர் பிளேட்டோட சேத்து ஆன்லைன்லயும் வாங்கலாம். அது இருந்தாலும் டவ்ர்ன் பகுதிக்கும் கரவாங்கன் சுரங்கத்துக்கும் தனியா காசு கட்டணும். கரவாங்கன் சுரங்கம் சுவாரசியமான ஆளு. ஆஸ்திரியாவில உள்ள போனா ஸ்லோவேனியாவில வெளிய வரும். ஸ்லோவேனியாவுக்கு வேற விக்னெட், 2022லேர்ந்து ஸ்டிக்கரே கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக். வார கணக்குல எடுத்தா ஏழு நாள் தான். நாங்க திரும்பி வர்றது பத்தாவது நாள், அதனால ரெண்டு வாரமா மாசமான்னு அதுக்கும் ஷீட்ல ஒரு டேப். குரோஷியாவில ஓட்டின தூரத்துக்குத் தான் டோல்.

வாடகை வண்டியில இதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. வண்டி நம்பர் சாவி கையில வாங்கும்போது தான் தெரியும். அதுக்கப்புறம் தான் விக்னெட் வாங்க முடியும். சிலசமயம் ஆஸ்திரியா ஸ்டிக்கர் ஏற்கனவே ஒட்டின வண்டியே கிடைக்குமாம். அதிர்ஷ்டம்.

இதெல்லாம் காசு மேட்டர். என்னைத் தூங்க விடாதது வேற.

அம்மா அப்பா விசா சிங்கிள் என்ட்ரி. ஷெங்கனுக்குள்ள ஒரு தடவை வரலாம், ஒரு தடவை வெளிய போகலாம், அவ்வளவு தான். மேப்பைப் பாத்தீங்கன்னா குரோஷியாவோட கடற்கரை ஒரே நீளமா தெரியும். ஆனா டுப்ரோவ்னிக் போறதுக்கு முன்னாடி அது ஒரு இடத்துல அறுந்து போயிருக்கும். நேயும்னு ஒரு ஊர். அது போஸ்னியா. அந்த நாட்டுக்கு இருக்குற ஒரே கடற்கரை அது தான், சுமாரா இருபது கிலோமீட்டர். முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி டுப்ரோவ்னிக் 'ராகுசா'ன்னு தனிக் குடியரசா இருந்தப்ப, வெனிஸ்காரன் பக்கத்து வீட்டுக்காரனா வந்துடக் கூடாதுன்னு நடுவுல ஒரு துண்டு நிலத்தை ஆட்டோமன் துருக்கிக்குப் போக விட்டாங்க. 1699ல கார்லோவிட்ஸ் உடன்படிக்கை. யாரோ யாருக்கோ பயந்து போட்ட வேலி, இன்னைக்கு எங்க அப்பா பாஸ்போர்ட் முன்னாடி வந்து நிக்குது.

அந்தத் துண்டைத் தாண்டாம கரையோடவே காரை ஓட்டிக்கிட்டுப் போக வழியே இல்லாம இருந்துச்சு. 2022 ஜூலை 26ல பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்தாங்க. 2,404 மீட்டர். பணத்துல பெரும்பகுதி, 35.7 கோடி யூரோ, ஐரோப்பிய யூனியன் கொடுத்தது. கட்டினது ஒரு சீனக் கம்பெனி. ஏறிப் போனா போஸ்னியாவைத் தொடாமலே குரோஷியாவுக்குள்ளயே அந்தப் பக்கம் இறங்கிடலாம். அதுக்கு டோலும் இல்லை. 2023 ஜனவரி 1ல குரோஷியாவும் ஷெங்கன்ல சேர்ந்துச்சு. இந்த ரெண்டுல ஒண்ணு நடக்கலைன்னாலும் இந்த விசாவை வெச்சுக்கிட்டு எங்க அப்பா அம்மாவால டுப்ரோவ்னிக் வரைக்கும் கரையோடவே காரை ஓட்டிக்கிட்டுப் போய்ட்டு வர முடியாது.

ஆபீஸ்ல ஒரு ஜெர்மன் நண்பர், நல்ல மனுஷன், "அவ்வளவு தூரம் போறீங்க, மோஸ்தார் பாக்காம வராதீங்க"ன்னார். மோஸ்தார் இருக்கறது போஸ்னியாவில. அவருக்கு அடையாள அட்டையைக் காட்டினா முடிஞ்சது. எங்களுக்கு குரோஷியா எல்லையில 'வெளிய போயாச்சு'ன்னு பதிவானா, சென்னைக்குப் போற ஃப்ளைட் மட்டும் மியூனிக்ல நிக்கும். அவருக்கு இதை விளக்கறதுக்குள்ள காபி ஆறிடுச்சு. ப்ளோச்சே தாண்டினதும் மேப் நேயும் ரோட்டைக் காட்டினாலும் காட்டும், அதனால பாலத்தையே ஒரு ஸ்டாப்பா போட்டு வெச்சிருக்கேன். ஷெங்கனுக்குள்ள தான எல்லாம், செக்கிங் இருக்காதுன்னும் நம்பக் கூடாது. 2023 அக்டோபர்ல ஸ்லோவேனியா குரோஷியா எல்லையிலயும், 2024 செப்டம்பர்ல ஜெர்மனி தன்னோட எல்லா நில எல்லையிலயும் சோதனையைக் கொண்டு வந்தாங்க. பாஸ்போர்ட் கைக்கெட்டுற இடத்துலயே இருக்கணும். ரெக்ஸின் பையைக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன்.

அப்புறம் அந்தக் கேள்வி. அப்பா நேரடியா கேக்க மாட்டார். "அங்க ஸ்டியரிங் இடது பக்கம்லா? கியர் வலது கையிலயா?" "இன்னொரு டிரைவர் பேரு சேக்க எம்புட்டு கேக்கான்?" இப்படித் தான் வரும். பேர் சேக்காம ஓட்டினா இன்ஷூரன்ஸ் செல்லாது, சேக்க ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு காசு. காசு பிரச்சனை இல்லை. போன வாரம் அம்மா தனியா கூப்பிட்டாங்க. "ராசா, அவுககிட்ட வண்டியக் குடுத்துராத. ராத்திரி லைட்டு கண்ணுல கூசுதுன்னு சொல்லுதாவ." சத்தமே இல்லாம சொன்னாங்க. பின்னாடி டிவி ஓடுற சத்தத்துல அப்பா நியூஸ் பாக்கறது தெரிஞ்சுது.

ரெண்டு நாள் யோசிச்சேன். முப்பது வருஷம் ஊரான் புள்ளைங்களைப் பத்திரமா கொண்டு போய் இறக்கினவரைப் பின் சீட்ல உக்கார வெச்சு, வழி நெடுக நான் கியர் மாத்தறதைப் பாக்க வைக்க எனக்கு மனசு வரல. அதே சமயம் அம்மா சொன்னதும் சும்மா இல்லை. அப்பாகிட்ட ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட்டுக்குக் குடுக்கச் சொன்னேன், கண் டாக்டரையும் பாத்துட்டு வரச் சொன்னேன். டாக்டர் பேச்சை எடுத்ததுமே யார் போட்டுக் குடுத்ததுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும். கோவப்படல. "பகல்ல மட்டும் தானல" ன்னார்.

டாக்டர் சரின்னா பேரைச் சேத்துடுவேன். முதல் ஞாயித்துக்கிழமை பக்கத்து சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்ல ஒரு மணி நேரம் பழக்கம். ஜெர்மனியில ஞாயிறு கடை இல்லை, பார்க்கிங் காலியா கிடக்கும். சுரங்கம், மலை எல்லாம் நான். ப்ளோச்சேலேர்ந்து பாலம் தாண்டி அந்தப் பக்கம் இறங்குற வரைக்கும் அப்பா. ஷீட்ல அந்த வரிசையில மட்டும் டிரைவர் கட்டத்தை மஞ்சள் பண்ணியிருக்கேன்.

அம்மாவோட பாக்கி ஒண்ணு இருக்கு, சோறு. ரைஸ் குக்கர் டிக்கியில வருது. இந்த ரூட்ல போன புண்ணியவான்கள் யாராச்சும் இருந்தா, லியுப்லியானாவுக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் நடுவுல அடுப்படியோட ரூம் எங்க கிடைக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மக்கா.