பழைய இடாப்பும் புதிய கணினியும்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யாம் பழந்தமிழ்ச் செய்யுளைப் பற்றியோ இலக்கண நூலைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுவதோ, கல்லூரியின் கணினிகளைப் பழைய பணிசெயல் முறைமையிலிருந்து புதியதொன்றுக்கு மாற்றத் திட்டமிட்ட வரலாற்றை. கணினிக்கும் தமிழ் வாத்தியாருக்கும் யாது தொடர்பு என வினவும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்தருள்க.

கணினியின் உறுப்புக்களை ஒன்றோடொன்று இயைந்து தொழிற்படச் செய்வது பணிசெயல் முறைமை. எமது கணினிகளில் இருந்த விண்டோஸ் 10 என்பது 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்தது. அதற்குரிய வழமையான ஆதரவை அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒற்றோபர் 14ஆந் திகதியுடன் முடித்துக்கொண்டது. அன்றோடு கணினி நின்றுவிடாது. ஆயின் புதிதாகக் காணப்படும் ஓட்டைகள் முன்போல் அடைக்கப்படமாட்டா. கலப்பற்று இடாத வள்ளம் அன்றே தாழ்ந்துபோவதில்லை. எனினும் அதிலே பிள்ளைகளை ஏற்றிக் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு அனுப்பத் துணிவார் யாவர்?

ஆகவே, அவ்வாண்டின் தொடக்கத்தில் அதிபர் அவர்கள் ஒரு சிறு குழுவை அமைத்தார்கள். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் சிலர், “எத்தனை புதிய கணினிகள் வேண்டும்?” என்றே முதலிற் கேட்டனர். விண்டோஸ் 11 இயங்குதற்கு 4 கிகாபைற்று நினைவகமும் 64 கிகாபைற்றுச் சேமிப்பிடமும் மட்டும் போதா, டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு வசதியும் ஏற்றுக்கொள்ளப்பட்ட செயலியும் வேண்டும். எம்மிடமிருந்தவற்றுட் பல இத்தேர்விற் சித்தியடையவில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், தகுதியுள்ளவற்றை விண்டோஸ் 11க்கும், ஏனையவற்றை இலவசமாய்க் கிடைக்கும் லினக்ஸ் முறைமைக்கும் மாற்றலாம் என்றார். கேரள மாநிலத்துப் பாடசாலைகளிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் லினக்ஸ் முறைமையில் இயங்குவதை எடுத்துக்காட்டினார். யாவரும் உடன்பட்டோம். எத்தனை கணினி, என்ன விலை, எப்போது வரும் என்றெல்லாம் பேசினோம். அவற்றினுள்ளே இருப்பது யாது என ஒருவரும் வினவவில்லை. யாமும் வினவவில்லை.

வினவியிருத்தல் வேண்டும். ஏனெனில், உள்ளே இருந்தது எம் கையால் இட்ட பொருள். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவக மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபொழுது கல்லூரியின் ஏடுகள் பல அழிந்தன. எஞ்சிய சேர்விடாப்புக்களும் கறையான் அரித்தவை, தொட்டால் உதிர்பவை. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளின் பின் யாம் படித்த இக்கல்லூரிக்கே ஆசிரியராய் வந்தபொழுது, அவ்விடாப்புக்களைக் கணினியில் ஏற்றும் பணியை ஏற்றுக்கொண்டோம். பாடசாலை விட்டபின் மாலை வேளைகளில், பெயர், பிறந்த திகதி, தந்தையார் பெயர், சேர்ந்த திகதி, விடுகைத் திகதி என ஒவ்வொரு வரியாகத் தட்டச்சுச் செய்தோம். முடிக்க மூன்றாண்டு சென்றது. தொறன்ரோவிலிருந்தும் பரிசிலிருந்தும் விடுகைப் பத்திரம் கேட்டு எழுதுவோர்க்கு அக்கோப்பே ஆதாரம். மூல ஏடுகளுட் சில அதன்பின் முற்றாய் உதிர்ந்துவிட்டன.

பரீட்சார்த்தமாக ஒரு கணினியை மட்டும் லினக்ஸுக்கு மாற்றிய அன்று, அக்கோப்பைத் திறந்து பார்த்தோம். ஒரு தமிழ் எழுத்தேனும் இல்லை. பக்கம் முழுதும் ஆங்கில எழுத்துக்களும் புள்ளிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. எம் முகத்தைக் கண்ட அவ்வாசிரியை, “ஒண்டும் அழியேல்லை, சேர். பாமினி எழுத்துரு இதில இல்லை, அவ்வளவுதான்” என்றார்.

அன்றுதான் உண்மை விளங்கிற்று. யாழ்ப்பாணத்திலே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ எனத் தட்டினால், கணினி தன்னுள்ளே பதித்துக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவற்றையே. அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் தொழில். போர்வை நீங்கின் தமிழும் நீங்கும். யாம் மூன்றாண்டு எழுதியது தமிழைப் போன்ற ஒன்றேயன்றித் தமிழன்று.

இதனை எண்ணுந்தோறும், கரம்பொனிலே பிறந்த தனிநாயகம் அடிகளார் எம் நினைவுக்கு வருவர். 1554ஆம் ஆண்டு இலிசுபனிலே அச்சிடப்பட்ட தமிழ் நூலொன்றைப் பற்றி அறிஞருலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அந்நூலின் மொழி தமிழ். எழுத்தோ உரோமன் எழுத்து. 1578இற் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்திலேயே வெளிவந்தது. அன்று கண்ணுக்கு உரோமனாகவும் காதுக்குத் தமிழாகவும் இருந்தது நூல். எமது இடாப்போ கண்ணுக்குத் தமிழாகவும் உள்ளே உரோமனாகவும் இருந்தது. உலக எழுத்துக்கள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வகுத்த ஒருங்குறி முறையிலே தமிழ் 1991ஆம் ஆண்டே இடம்பெற்றுவிட்டது. தீவகம் வெறிச்சோடிய அதே காலம் அது. இருபது ஆண்டு கழித்தும் யாம் அதனைக் கைக்கொள்ளாதது எம் தவறே, எவர்மீதும் பழியில்லை.

நிற்க. திட்டத்தை முதலிலிருந்து மீண்டும் எழுதினோம். கணினிகளை எண்ணுவதை விடுத்து, கோப்புக்களை எண்ணினோம். எது அழிந்தால் மீளப் பெறமுடியாது, எந்த எழுத்துருவில் உள்ளது, எந்த மென்பொருளில் திறக்கும், யார் அதனைப் பயன்படுத்துகின்றனர் என நான்கு வினாக்களுக்கும் விடை எழுதினோம். முதன்மையான கோப்புக்களுக்கு மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று அலுவலகத்தில், ஒன்று யாழ்ப்பாண நகரில், ஒன்று கடல் கடந்து ஒரு பழைய மாணவரிடத்தில். எல்லாவற்றையும் ஒரே தீவில் வைப்பதன் பலனை 1990இல் யாம் கண்டவர்களல்லவா? அச்சுப்பொறிகள் புதிய முறைமைக்கு இணங்குமா எனப் பார்த்தோம். பரீட்சைக் காலத்தில் எதனையும் தொடுவதில்லை என்றும், தவணை விடுமுறையிலேயே மாற்றுவதென்றும், ஒரு தவணை முழுதும் பழையதொன்றைப் பக்கத்தில் வைத்திருப்பதென்றும் முடிவு செய்தோம். பாலம் முடியுமுன் தோணியை உடைப்பாரில்லை.

பெருநகரங்களுக்கும் இத்தொல்லை உண்டு. செருமனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, ஏறக்குறைய 15,000 கணினிகளை 2013 அளவில் மாற்றி முடித்தது. 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அங்கும் திணைக்களங்கள் தனித்தனியே வைத்திருந்த ஆயிரக்கணக்கான படிவங்களை மாற்றியமைத்தல் பெருவேலையாயிற்று. பொறியை மாற்றுதல் எளிது. அதனைச் சுற்றி வளர்ந்த பழக்கத்தை மாற்றுதலே அரிது. எம் ஆசிரியர் பலருக்கும் விரல்களிற் பாமினி பதிந்துவிட்டது. அதே விசையமைப்பிலேயே ஒருங்குறியைத் தட்டச்சுச் செய்ய மென்பொருள் உண்டென அறிந்தபின்னரே அவர்கள் ஆறுதலடைந்தனர்.

இடாப்பை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை மாற்றி மென்பொருள் சில நிமிடங்களிற் செய்து முடித்தது. அதனைச் சரிபார்க்கச் சென்றது நான்கு வாரம். ரகரமும் அரவும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றுதலால், யாம் முன்னர் ஒன்றுக்கு மற்றொன்றைத் தட்டிய இடமெல்லாம் இப்பொழுது பிழையாய் வெளிப்பட்டது. தாங்க மெய்யின்றி அரவு மட்டும் புள்ளிவட்டத்தருகே தனித்து நின்றது. உயர்தர மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் பழைய ஏட்டை வாசிக்க மற்றவர் திரையைப் பார்த்தனர். தம் பாட்டன்மாரின் பெயரைக் கண்டு துள்ளிய பிள்ளைகளும் உளர்.

அதன்பின் பெயர்களை வரிசைப்படுத்தினோம். பாமினியில் இகரம் காற்புள்ளியாய்ப் பதிவதால், இராசரத்தினங்களே முன்னின்றனர். அவர்களின்பின் உகரமும் ககரமும் மகரமும் வர, அகரம் அவற்றுக்குப் பின்னே தள்ளப்பட்டிருந்தது. இப்பொழுதோ, அகரத்திற் பிறந்தார் அகரத்தில் நின்றனர். நெடுங்கணக்குத் தன் முறைக்கு மீண்டதைக் கண்டபொழுது எமக்குண்டான மகிழ்ச்சியைத் தமிழ் கற்பிப்போரே அறிவர்.

விழாவுக்கு வரும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அலுவலகத்துக்குச் சென்று உங்கள் பெயருள்ள வரியைப் பாருங்கள். பிழையிருப்பின் திருத்தித் தாருங்கள். உதிர்ந்த ஏட்டுக்கு இனி நீங்களே மூலம். விடுகைத் திகதி வெறுமையாயுள்ள வரிகள் பலவற்றைக் காண்பீர்கள். அவர்கள் ஒரு நாள் வகுப்பில் இருந்தனர். மறுநாள் ஊரில் இல்லை. விடுகைப் பத்திரம் பெற எவருக்கும் நேரமிருக்கவில்லை.

அவ்வரிகளுள் ஒன்று, ஐந்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த எமது. சரிபார்க்கையில் அவ்வாசிரியை அதனைச் சுட்டிக்காட்டி, “சேர், உங்கட இந்தக் கட்டத்தை என்ன செய்யிறது?” என்று கேட்டார். வெறுமையாகவே இருக்கட்டும் என்றோம். யாம் இன்னும் இக்கல்லூரியை விட்டுச் செல்லவில்லை.