முசிறிக்கு ரெண்டு டிக்கெட்!

திருச்சிக்கு விருந்தாளி வந்தால் சுற்றிக் காட்ட நம்மிடம் ரெடிமேட் லிஸ்ட் ஒன்று உண்டு. மலைக்கோட்டை, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம். நேரம் இருந்தால் முக்கொம்பு. ரொம்ப நேரம் இருந்தால் கல்லணை. ராஜகோபுரத்துக்குக் கீழே நிறுத்தி, "236 அடி சார்! பதிமூணு நிலை! 1987-ல கட்டி முடிச்சாங்க!" என்று ஏதோ நாமே செங்கல் சுமந்த மாதிரி அலட்டிக்கொள்வோம். விருந்தாளியும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு "ஆஹா" என்பார்.

2009-ல் நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மனியிலிருந்து ஒரு மாணவர் வந்தார். லூத்தரன் சபைக்காரர், இறையியல் படிப்பு. கூட மாட இருந்து மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். சம்பளம், மதியச் சாப்பாடு. லிஸ்ட்டைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி:

"எல்லாம் சரி. முசிறி கழிப்பறையை எப்போது பார்க்கலாம்?"

ஏழு கடல் தாண்டி வந்த மனுஷன், ரங்கநாதரை விட்டுவிட்டு கக்கூஸைக் கேட்கிறார்!

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் பிடித்தோம். கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட், அப்புறம் காவிரிக் கரையோரமாகவே ரோடு. ஜன்னல் பக்கம் வாழை, நெல், மறுபடி வாழை. குணசீலத்தில் ஒரு குடும்பம் இறங்கியது. மனநலம் சரியில்லாதவர்களை ஒரு மண்டலம் தங்க வைத்துப் பெருமாளிடம் ஒப்படைக்கிற ஊர் அது என்று சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

"சாமியாராகப் போறவருக்குக் கழிப்பறையில என்ன வேலை?" என்று கேட்டேன்.

பதிலுக்கு அவர் சொன்னது நம்ம ஊர்க் கதை. 1890-களில் ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்கப் பெண், பள்ளிப் படிப்பு முடித்த கையோடு, திண்டிவனத்தில் இருந்த பெற்றோரிடம் வந்தார். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்தவர். ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் கூடாது என்றுவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். ஐடா ஊருக்குத் திரும்பி, மருத்துவம் படித்து, வந்து தொடங்கியதுதான் வேலூர் ஆஸ்பத்திரி. 1909-லிருந்து காரில் கிளம்பி, ரோட்டோரத்திலேயே நிறுத்தி கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

அந்த வேலூரில் படித்த அரோலே தம்பதி 1970-ல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் கிராமங்களுக்குப் போனார்கள். வியாதி பாதி தண்ணீரிலிருந்தும் அசுத்தத்திலிருந்தும் வருகிறது, மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். 1979-ல் மகசேசே விருது கிடைத்தது.

"ஆஸ்பத்திரியிலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து வீட்டுக்கு வந்தாச்சு. அடுத்தது வீட்டுக் கொல்லைதானே?" என்றார். லாஜிக் சரியாகத்தான் இருந்தது.

முசிறி ஆற்றங்கரை ஊர். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். குடிக்க அது வசதி. குழிக் கக்கூஸ் கட்டினால் அதுவே வினை. குழியில் இருப்பது மண்ணுக்குள் கசிந்து, பக்கத்து அடிபம்பு வழியாக சொம்புக்கே திரும்பி வரும்! இதற்குத்தான் 'ஸ்கோப்' என்ற திருச்சித் தொண்டு நிறுவனம் வேறு வழி பிடித்தது. நடத்தியவர் சுப்புராமன். பிற்பாடு 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

சங்கதி இதுதான். தரைக்கு மேலே ரெண்டு தொட்டி, அதனால் நாலு படி ஏறிப் போகவேண்டும். மலம் தொட்டிக்கு, சிறுநீர் தனிக் குழாயில், கழுவின தண்ணீர் மூன்றாவது வழியில். போய் வந்ததும் ஒரு கை சாம்பல். ஒரு தொட்டி நிறைந்தால் மூடிவிட்டு அடுத்தது. மூடினது மாசக்கணக்கில் கிடந்து காய்ந்து மக்கி உரமாகிவிடும். தழைச்சத்து முக்கால்வாசி சிறுநீரில்தான் இருக்கிறது, தண்ணீர் கலந்து வாழைக்கு விடலாம். பொதுக் கழிப்பறைக்கு ஜனங்களை வரவழைக்க, தடவைக்கு பத்து பைசா கொடுத்தார்கள் என்று 2008-ல் செய்தி உலகம் சுற்றியது.

காமர்ஸ் மாணவனான எனக்குத் தலை சுற்றியது. பஸ் ஸ்டாண்டில் நாம் காசு கொடுத்துப் போகிறோம். இங்கே போனால் காசு வரவு. இதை டெபிட் பண்ணுவதா, கிரெடிட் பண்ணுவதா? (பத்து பைசாவே 2011-ல் செல்லாமல் போய்விட்டது. கணக்கு அத்தோடு முடிந்தது.)

பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டு அக்கா திண்ணையில் கோரைப் பாய் முடைந்துகொண்டிருந்தார். ஜெர்மன்காரர் நாலு படி ஏறி, குனிந்து, முகர்ந்து, போட்டோ எடுத்து, சாம்பல் டப்பாவையும் போட்டோ எடுத்தார். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆஜர்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு மரியாதை நடக்கலை தம்பி!" என்று அக்கா சிரித்தார்.

மக்கின உரத்தைக் கையில் அள்ளிக் காட்டினார். காப்பிப் பொடி மாதிரி இருந்தது. வாடை இல்லை. (அன்றைக்குச் சாயங்காலம் காப்பி வேண்டாம் என்றுவிட்டேன்.)

"இது வர்றதுக்கு முன்னாடி எப்படி?" என்று கேட்கச் சொன்னார் விருந்தாளி. கேட்டேன். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"விடியறதுக்கு முன்னாடி இல்லேன்னா இருட்டினப்புறம் தம்பி. நடுவுல வயித்த வலிச்சாலும் அடக்கணும். அதுக்காகவே சோறு கம்மியாத் திம்போம், தண்ணி குடிக்க மாட்டோம். பொண்ணு வயசுக்கு வந்தப்புறம் அவ போய்ட்டு வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன். மழைக்காலம் வந்தா சின்னதுங்களுக்கு ஓயாம வயித்தால போகும். பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவோம்."

இதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. வார்த்தை தெரியாமல் இல்லை.

அக்கா ஒருத்தர் கதை இல்லை சார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கழிப்பறை கிடையாது. இன்றைக்கும் உலகத்தில் வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கும் அதிகமான சின்னக் குழந்தைகள், ஐந்து வயதுக்குள், வயிற்றுப்போக்கில் சாகிறார்கள். அரசாங்கம் 2014-ல் தூய்மை இந்தியா திட்டம் போட்டு நாடெங்கும் கழிப்பறை கட்டியது. நல்ல காரியம். முசிறி முறை எல்லா ஊருக்கும் ஒத்து வரும் என்று சொல்ல வரவில்லை. சாம்பல் வேண்டும், பிரித்துப் போகும் பழக்கம் வேண்டும், விருந்தாளி வந்தால் வகுப்பு எடுக்கவேண்டும்! ஆனால் மற்ற இடங்களில் யாரும் வாய் திறக்காத கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. தொட்டி நிறைந்தால் என்ன செய்வது? யார் எடுப்பது?

மனுஷரைத் தொட்டிக்குள் இறக்கக்கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்தாயிற்று. அப்புறமும் விஷவாயுவில் செத்தவர்கள் செய்தி பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. முசிறியில் மூடின தொட்டியைக் காய்ந்த பிறகு திறக்கிறார்கள். உள்ளே இறங்க யாரும் வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலத்தில் பஸ் நின்றது. தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இந்த நகரத்தில் தொட்டி நிறைந்தால் எங்கே போகிறது?"

"லாரி வரும்" என்றேன்.

"லாரி எங்கே போகும்?"

அவருக்கு நான் சொன்ன பதில் இருக்கட்டும். நம்ம ஆபீஸில் கேன்டீன் காப்பிக்குச் சர்க்கரை கூடினால் கம்ப்ளெய்ன்ட் எழுதுகிறோம். அதே ஆபீஸ் செப்டிக் டேங்கைச் சுத்தம் பண்ண வருகிறவர்கள் மெஷின் கொண்டு வருகிறார்களா, ஆளை உள்ளே இறக்குகிறார்களா, லாரியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று நாளைக்குப் போய் அட்மின் செக்‌ஷனில் ஒரு வார்த்தை கேளுங்களேன்.