வருவதும் போவதும், என்ஜின் ஆயில் கணக்கு

பேங்க்ல குப்பை கொட்டுறவனுக்கு எதைப் பார்த்தாலும் லெட்ஜர் மாதிரிதான் தெரியும். காருக்கு என்ஜின் ஆயிலை இந்தத் தடவை நாமே வீட்டுல மாத்திடலாம்னு முடிவு பண்ணினதும், நான் முதல்ல எடுத்தது ஸ்பேனர் இல்லை, பேப்பரும் பேனாவும்தான். பி.காம்.ல முதல் வருஷமே சொல்லிக் கொடுத்த பாடம்: வருவதைப் பற்று வை, போவதை வரவு வை.

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆச்சு. கார் வாரன்டியும் முடிஞ்சாச்சு. (வாரன்டி ஓடிக்கிட்டு இருக்கிறவங்க விதிமுறையைப் படிக்காம இதுல கை வைக்காதீங்க.)

வர்ற பக்கம் சுலபம். காரோட கையேட்டுல போட்டிருக்கிற கிரேடு ஆயில், என் வண்டிக்கு மூணு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. புது ஃபில்டர், டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர், சரியான அளவு ரிங் ஸ்பேனர், புனல், அகலமான தட்டு, பழைய துணி, கையுறை.

எட்டாவது படிக்கிற பையன் டப்பாவைப் பார்த்துட்டு, "5டபிள்யூ-30ல டபிள்யூன்னா என்னப்பா?"ன்னான். விண்டர், குளிர்காலம்னேன். "கொச்சியில ஏதுப்பா குளிர்?" நல்ல கேள்விதான் :-) முதல் எண் குளிர்ல ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்ங்கிறதுக்கு, அது குறைஞ்சா நல்லது. ரெண்டாவது எண், சூடான என்ஜின்ல, அதாவது 100 டிகிரி செல்சியஸ்ல, எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கிறதுக்கு. எந்த ஜோடி நம்ம என்ஜினுக்குன்னு கையேடு சொல்லும், அதை மீற வேண்டாம்.

தங்கமணிக்குக் கவலை வேற. "வண்டிக்கு அடியில படுக்கப் போறீங்களா?" நியாயமான பயம். காரோட வர்ற ஜாக்கி டயர் மாத்தத்தான், அதை மட்டும் நம்பி அடியில தலை நீட்டவே கூடாது. அதனால ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் பட்டியல்ல சேர்ந்தது. தரை சமமா, கெட்டியா இருக்கணும். மழையில ஊறின மண்ணுல ஸ்டாண்டு புதைஞ்சிடும்.

இப்போ போற பக்கம். மூணு லிட்டர் உள்ளே வந்தா, கிட்டத்தட்ட மூணு லிட்டர் வெளியே போகணுமே, யார் கணக்குல? தெருமுனை வொர்க்‌ஷாப் சேட்டன் எடுத்த எடுப்புல கேட்டது இதைத்தான்: "சாரே, பழைய ஓயில் எவிடெ கொண்டு களையும்?"

மட்டாஞ்சேரி கடல் மட்டத்துல உட்கார்ந்திருக்கிற ஊர். இங்கே சாக்கடையில ஊத்தினது கல்வத்தி மாதிரியான தோடு வழியா காயலுக்குப் போகும். அந்த வேம்பநாட்டுக் காயல் 2002லயே ராம்சார் பட்டியல்ல சேர்ந்த ஈரநிலம். மீனும் இறாலும் நம்ம தட்டுக்கு வர்ற இடம். வேலியேற்றம் வந்தா தோட்டுத் தண்ணி தெருவுக்கே திரும்பும். ஓடின ஆயில்ல என்ஜின் தேய்ஞ்ச உலோகத் துகளும் எரிஞ்ச கசடும் இருக்கும். நம்ம நாட்டுல 2016 விதிகள்படி அது அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல்லேர்ந்து, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு ஆயில் கம்பெனிகளுக்கும் வந்தாச்சு. ஆனா என் வீட்டுத் தட்டுலேர்ந்து அந்தச் சங்கிலியில சேர்க்க வேண்டியது நான்தான்.

சேட்டன் தன் பழைய ஆயிலை பீப்பாயில சேர்த்து, உரிமம் உள்ளவங்ககிட்ட கொடுக்கிறார். என்னோடதையும் வாங்கிக்கிறேன்னார். ரெண்டு நிபந்தனை: மூடி இறுக்கமான கேன்ல வரணும், தண்ணியோ மண்ணெண்ணெயோ பிரேக் ஆயிலோ கலக்கக் கூடாது. கலந்தா மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. பழைய ஃபில்டரையும் கவிழ்த்து வெச்சு நல்லா வடிச்சிட்டுக் கொடுக்கணும்.

அவர் சரின்னு சொன்ன பிறகுதான் புது ஆயிலுக்கே காசு கொடுத்தேன். அமெரிக்காவுல இருக்கிற நம்ம மக்களுக்கு இந்தக் கவலை கம்மி, பல உதிரிபாகக் கடைகள்ல பழைய ஆயிலை இலவசமா வாங்கிக்குவாங்க. மத்த ஊர்க்காரங்க போற பக்கத்தை முதல்ல எழுதுங்க. வாங்கிக்க ஆள் கிடைக்கலைன்னா, பேசாம வண்டியை வொர்க்‌ஷாப்புலயே விட்டுடுங்க.

டிஸ்கி: காசு பெரிசா ஒண்ணும் மிச்சமாகலை. ஸ்டாண்டு விலையைச் சேர்த்தா முதல் வருஷம் நஷ்டம்தான். தங்கமணிகிட்ட சொல்லிடாதீங்க.