பொய்யும் வாய்மையாகுமா?

"உண்மையே பேசு" என்று சிலேட்டில் எழுதிப் பழகியவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆனால், கடன்காரர் வந்தால் "அப்பா இல்லை என்று சொல்லிவிட்டு வா" என்று நம்மை வாசலுக்கு அனுப்புவதும் அதே வீடுதான். (பெற்றோர் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) இத்தகைய பொய்கள் நம் வசதிக்காகச் சொல்லப்படுபவை, அவற்றைப் பற்றி எனக்கு ஐயமில்லை. பிறர் நன்மைக்காகச் சொல்லும் பொய்தான் என்னைக் குழப்புகிறது.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். புனித அகுஸ்தினாரோ எந்தப் பொய்யும் ஆகாது என்கிறார். விடுதலைப் பயண நூலில், எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் கட்டளையிட்டபோது, மருத்துவச்சிகளான சிப்ராவும் பூவாவும், "நாங்கள் போய்ச் சேருமுன்பே குழந்தை பிறந்துவிடுகிறது" என்று சொல்லித் தப்புவிக்கிறார்கள். கடவுளும் அவர்களுக்கு நன்மை செய்தார். அது அவர்களுடைய இரக்கத்துக்குக் கிடைத்த பரிசு, பொய்க்கு அல்ல என்று அகுஸ்தினார் விளக்குகிறார். எனக்கென்னவோ அந்தப் பெண்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கொல்ல நினைப்பவனுக்கு உண்மையைக் கேட்க உரிமை ஏது?

ஆனால் என் பாட்டி பார்வோன் அல்லவே! அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், "அல்சர் என்றே சொல்லிவிடுவோம்" எனப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு நாள் மாலை ஜெபமாலை முடிந்ததும், "எனக்கு என்னடி? நீயாவது உள்ளதைச் சொல்லு" என்று பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், பாட்டி. நானும் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். அத்தைக்கு என்மீது மிகுந்த கோபம்.

டாக்டர் பொறுமையாக, மறைக்காமல் சொன்னார். பாட்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பங்குச் சாமியாரை வரச் சொன்னார். பிறகு, வரப்புத் தகராறில் பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம் தங்கைக்கு ஆள் அனுப்பினார். சின்னப் பாட்டி வந்தார். அன்றிரவு இருவரும் தூங்கவே இல்லை. சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

வள்ளுவர் சொன்ன அந்த "நன்மை" யாருடையது என்று அப்போதுதான் யோசித்தேன். படுக்கையருகில் அழுகை இல்லாமல் உட்கார எங்களுக்குத்தான் அல்சர் என்ற சொல் உதவியது.

"மறைத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் இருந்திருப்பார்" என்று அத்தை இன்றும் சொல்வதுண்டு. இருக்கலாம், எனக்குப் பதில் தெரியவில்லை. சின்னப் பாட்டி வந்திருக்கும்போது மட்டும் அத்தை அந்தப் பேச்சை எடுப்பதில்லை.