பியர் குளிரூட்டியும் ஒரு தலைமுடியும்

புற்றுநோய் என்றதும் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரத்த வாந்தி, அப்புறம் மொட்டைத் தலை. ரத்த வாந்தி பெரும்பாலும் இயக்குநர்களின் கைவண்ணம். முடி கொட்டுவது மட்டும் நிஜம்.

1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் சூ பாக்ஸ்மேன் என்ற பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. நான்கு பிள்ளைகளின் தாய். கீமோதெரபி எடுக்கும்போது அன்றைக்கு இருந்த தலைகுளிர்விக்கும் முறையையும் முயன்று பார்த்தார். பலிக்கவில்லை, முடி போய்விட்டது. அவர் கணவர் கிளென் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. குடும்பத் தொழில், பியரைக் குளிர்விக்கும் எந்திரங்கள் செய்வது! அந்தத் தொழில் அறிவைத் தலைக்குத் திருப்பினார். குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்கும் தொப்பி ஒன்று உருவானது. 1997ல் அந்த ஊர் மருத்துவமனையிலேயே முதல் எந்திரம் வைக்கப்பட்டது. சூ 2000ல் இறந்துபோனார்.

சரி, குளிருக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்? கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. முடியின் வேர்க்கால் செல்லும் அப்படித்தான். மருந்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கும். தலைத்தோலைக் குளிர்வித்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அங்கே போகும் மருந்தும் குறையும். செல்களும் கொஞ்சம் மந்தமாகிவிடும். மருந்து ஏறுவதற்கு அரை மணி முன்பே தொப்பியை மாட்டி, ஏறி முடிந்தபின்னும் ஒன்றரை மணி நேரம் போல வைத்திருக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் ஐஸ்கிரீமை அவசரமாக விழுங்கினால் வருமே, அந்த மாதிரி தலைவலி.

பலன் உண்டா? 2017ல் ஜாமா இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. தொப்பி அணிந்த 95 பெண்களில் 48 பேருக்குப் பாதி முடிக்கு மேல் தங்கியது. அணியாத 47 பேரில் ஒருவருக்குக்கூடத் தங்கவில்லை. அந்த ஆண்டே அமெரிக்க அரசு இந்தத் தொப்பியை அனுமதித்தது. ஸ்வீடன்காரர்களின் இன்னொரு தொப்பிக்கு 2015லேயே அனுமதி கிடைத்திருந்தது.

மருந்து தடவி முடியைக் காப்பாற்றும் கனவு மட்டும் பலிக்கவில்லை. எலிகளில் சாதித்துவிட்டதாக 2001ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறுபடி செய்துபார்த்தபோது அந்த முடிவு வரவில்லையாம். மினாக்சிடிலும் கொட்டுவதைத் தடுக்கவில்லை, திரும்ப முளைப்பதைத்தான் கொஞ்சம் சீக்கிரமாக்கியது. இந்த லட்சணத்தில் நம்மூர் மூலிகைத் தைல விளம்பரங்களை என்னவென்று சொல்வது!

தொப்பியும் எல்லோருக்கும் அல்ல. ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. டாக்சேன் வகை மருந்துகளில் நன்றாக வேலை செய்யும், ஆந்த்ரசைக்ளின் வகையில் பலன் குறைவு. அதனால் டாக்டரிடம் கேட்பதானால் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும், முடி கொட்ட ஆரம்பித்தபின் கேட்டுப் பயனில்லை. இன்னொன்று, தொப்பி தலையை மட்டும்தான் மூடும். தலைமுடி தப்பினாலும் புருவமும் இமைமுடியும் உதிரலாம்.