அம்மா உட்கார்ந்திருக்கும் படம்

புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். அது போக, தினமும் ஒரு பக்கமாவது எனக்காக வரைவேன். கைக்கு அடக்கமான ஒரு நோட்டு, ஒரு கறுப்பு ஜெல் பேனா. திருமுல்லைவாயிலில் ரயிலுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம், அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் என்று கிடைக்கிற நேரத்தில், கண்ணில் படுகிறவர்களை வரைவேன்.

போன மழைக்காலத்தில், வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து கீழ்த்தட்டில் இருந்த பழைய நோட்டுகளை மேலே எடுத்து வைத்தேன். அப்போது புரட்டிப் பார்த்ததில்தான் கவனித்தேன். என் படங்களில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில், ஆட்டோவின் பின் சீட்டில் கால் நீட்டி, மூடிய கடையின் படியில். பெண்கள் நிற்கிறார்கள். குடத்தோடு, பையோடு, இடுப்பில் குழந்தையோடு. உட்கார்ந்திருக்கும் பெண்களின் கைகளும் சும்மா இல்லை. பூ கட்டுகிறார்கள், மீன் அரிகிறார்கள், கீரை ஆய்கிறார்கள். கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை ஒரே இடத்தில்தான் வரைந்திருந்தேன்: ஆவடி மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில். அதிலும் பாதிப் பேர் தூங்குகிறார்கள்.

முதலில் என்மேல்தான் சந்தேகம் வந்தது. பெண் என்றால் குடம், கோலம் என்று என் கை பழகிவிட்டதோ? ஒரு வாரம் வேண்டுமென்றே தேடினேன். கிடைக்கவில்லை. சரி, நாமே உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு மாலை, நோட்டை மூடி வைத்துவிட்டு அம்பத்தூர் ஏரிப் பக்கம் ஒரு சுவரில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்குள் ஒருவர் வந்து, "யாருக்கும்மா வெயிட் பண்றே?" என்றார். நோட்டைத் திறந்து காட்டினேன். "ஓ, டிராயிங்கா" என்று போய்விட்டார். வேலை என்று தெரிந்தால் நான் உட்காரலாம். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' புத்தகம் இதைத்தான் பேசுகிறது: பொது இடத்தில் இருக்க ஒரு பெண் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. நோட்டு எனக்கு அந்தக் காரணம்.

இத்தனை நோட்டுகளிலும் அம்மா மட்டும் எங்கேயும் இல்லை. வரையலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் எழுந்து போயிருப்பாள்.

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அம்மா பதினெட்டு வருடம் வேலை செய்தாள். தைக்கிறவர்களுக்காவது மெஷின் முன்னால் ஒரு ஸ்டூல் உண்டு. அம்மா செக்கிங். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று தேடி, பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து நின்றபடிதான். "உட்கார்ந்தா சூப்பர்வைசர் கத்துவாரு. முடியலைன்னா பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குந்திட்டு வருவோம்" என்பாள். இப்போது அவள் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாக முடிச்சுப் போட்டிருக்கின்றன.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பலனாக 2018இலேயே அது வந்திருந்தது. செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கடைக்குத்தானே, கம்பெனிக்கு இல்லையே" என்றாள். தேடிப் பார்த்தேன். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், பிரிவு 44: நின்றே வேலை செய்ய வேண்டியவர்கள், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து ஓய்வெடுக்க வசதி செய்து தர வேண்டும் என்று அதில் இருந்தது.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டாள். அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

படிக்கிற காலத்தில் மெரினாவின் உழைப்பாளர் சிலையைப் பலமுறை வரைந்திருக்கிறேன். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் பாறையைப் புரட்டுகிறார்கள். முறுக்கேறிய தசைகளை வரைவது எனக்குப் பிடிக்கும், பார்த்ததும் உழைப்பு என்று தெரிந்துவிடும். அம்மா பாறை எதையும் புரட்டவில்லை. நின்றாள். ஒரு பெண் மேசை முன்னால் நிற்பதை வரைந்தால் பார்க்கிறவர்களுக்கு அது உழைப்பாகத் தெரியாது. பதினெட்டு வருடத்தைக் கால்களில்தான் காட்ட முடியும். கால்களைப் புடவை மறைத்துவிடுகிறது.

போன மாதம் ஒரு மதியம், வாசலில் நாற்காலி போட்டு, "கொஞ்ச நேரம் உட்காரும்மா, உன்னை வரையணும்" என்றேன்.

"இரு, அந்த முருங்கைக்கீரையை எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்மா. சும்மா உட்காரு."

"சும்மாவா? எதிர்வீட்டுக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், முந்தானையைச் சரிசெய்தாள். நான் கால்களை வரையத் தொடங்கியதும் புடவையை இழுத்து மூடினாள். "அது இருக்கட்டும்மா" என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, எதிரே இருந்த ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டாள்.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். படத்தில் கைகள் சரியாக வரவில்லை, அவை கடைசிவரை அசைந்துகொண்டேதான் இருந்தன. கால்கள் வந்திருக்கின்றன.